லிஃப்டுக்குள்ள கேட்ட லத்தீன் பண்டிதர் கதை

தோர்ண்டன் ஹீத்திலயிருந்து

அன்பான வசந்தமலருக்கு,

உம்மட முழங்கால் நோ எப்பிடி? இஞ்சை நானும் என்ர வாயும் நல்ல சுகம்.

நான் கூட்டித் துடைக்கிற லைப்ரரியில செவ்வாய்க்கிழமை லிஃப்ட் இடையில நிண்டிட்டுது. உள்ளுக்கு நானும் ஒரு புரொபெசர் அம்மாவும். பயப்பிடாதையும், அவவுக்கு எழுபது வயசு.

பொழுது போக அவ ஒரு கதை சொன்னா. ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இத்தாலியில ஒரு பண்டிதர். பழைய லத்தீன் புத்தகங்களைப் பாத்தெழுதினவை விட்ட பிழையளைத் திருத்திறதுதான் அவற்ற வேலை. எல்லாப் பிரதியையும் பக்கத்தில பக்கத்தில விரிச்சு வைச்சு, எது உண்மையெண்டு கண்டுபிடிப்பாராம். ஒரு புத்தகம் திருத்த வெனிசுக்குப் போனவர், "இது முடிய வாறன்" எண்டு வீட்டில இருந்த மனுசிக்கு எழுதி எழுதியே அங்கை செத்துப்போனாராம்.

"விசர் மனுசன்" எண்டு சிரிச்சன். பிறகு லிஃப்ட் திறக்குமட்டும் வருசங்களை விரல்விட்டு எண்ணினன்.

விசா அலுவல் இன்னும் முடியேல்லை. கூழ் காய்ச்ச ஒடியல் மாவும், நீர் இடிச்ச மிளகாய்த்தூளும் கொஞ்சம் அனுப்பும். வாற சித்திரைக்குக் கட்டாயம் வந்திடுவன்.

பஸ் வருது. ஒண்டு மட்டும் கேக்கிறன். என்ர பதினொரு வருசக் கடிதங்களைப் பக்கத்தில பக்கத்தில விரிச்சு வைச்சுப் பாத்திடாதையும்.

உம்மட
சண்முகராசா