பழைய மணி பன்னிரண்டுக்கு

மராக்கேஷ்,
ஏப்ரல் 14.

பிஹிக்கு யூபா எழுதுவது. பிரான்ஸில் லீல் நகரத்துக் குளிரும் இரவு ஷிஃப்டும் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும். இங்கே நானும் வண்டியும் நலம். அம்மா என்னோடு பேசுவதில்லை. மற்றபடி அவளும் நலம்.

நான்கு முறை கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் காகிதம். அங்கே திரும்பும் உன் சித்தப்பா மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன், வியாழனுக்குள் வந்துவிடும். உன் தங்கை கல்தூமைப் பெண் கேட்க வந்து உங்கள் வாசலில் நான் செய்ததை உன் அப்பா சொல்லியிருப்பார். அவர் சொன்னது எல்லாம் உண்மை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் உன்னை அழைத்து யோசனை கேட்கப் போகிறார். நீ வேண்டாம் என்றால் விஷயம் அத்தோடு முடிந்தது. அதற்கு முன் என் பக்கத்தையும் படி.

போன ஞாயிறு பெண் கேட்க நாள் குறித்திருந்தோம், பகல் பன்னிரண்டுக்கு. அதே நாளில் டென்மார்க் தம்பதி ஒன்று திஷ்கா கணவாய் தாண்டி மண்கோட்டை வரை போய்த் திரும்ப வண்டி கேட்டது. உங்கள் ஊர் போகிற வழியில்தானே இருக்கிறது, ஒரே டீசலில் இரண்டு வேலை என்று கணக்குப் போட்டேன். தப்பு அங்கேயே ஆரம்பித்தது. முன்சீட்டில் என் மாமா, மடியில் பெண் கேட்கக் கொண்டுபோகும் சர்க்கரை, நீலத்தாள் சுற்றிய ஆறு கூம்பு. பின்சீட்டில் அந்தத் தம்பதிக்கு நடுவில் அம்மா, அவர்களுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தபடி.

நல்ல ஓட்டம். ஆற்றங்கரை முழுக்க அரளி, அதற்கு மேல் சிவப்பு மண், அதற்கும் மேல் வாதுமை மரங்கள் துளிர்விட்டிருந்தன. வளைவுகளில் மூன்றாவது கியரை விட்டு இறங்கவே இல்லை. அந்த டென்மார்க்காரி ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தச் சொன்னாள். நான் இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தினேன். சரியாகப் பன்னிரண்டுக்கு உங்கள் வாசலில் நின்றேன்.

என் போனில் பன்னிரண்டு. உங்கள் வீட்டில் பதினொன்று. அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி எத்தனையோ வருஷமாகியும் உங்கள் ஊர் பழைய மணியில்தான் சாப்பிடுகிறது, வாய்க்கால் தண்ணீரைப் பிரிக்கிறது. எனக்குத் தெரியாதா? தெரியும். எந்தப் பன்னிரண்டு என்று கேட்பதே எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

கதவு சாத்தியிருந்தது. மாடியிலிருந்து கல்தூம் எட்டிப் பார்த்தாள், முழங்கை வரை மாவு. "பதினொண்ணுதான் ஆகுது. பொண்ணு கேக்க வந்தியா, பஸ் பிடிக்க வந்தியா?" என்றாள். அப்பா கீழ்வயலில் தண்ணீர் முறையில் நிற்கிறார், பன்னிரண்டுக்குத்தான் மடை மாறும் என்றும் சொன்னாள்.

இருபது நிமிஷம் காத்திருந்தேன். கணவாய்ப் பக்கம் மேகம் திரண்டது, பனி கொட்டினால் ரோட்டை அடைத்துவிடுவார்கள். ஹாரன் அடித்தேன், மூன்று தடவை, வயலைப் பார்த்து. பிறகு மாமா தடுக்கத் தடுக்கச் சர்க்கரையை வாசற்படியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கணவாய் வரை அம்மா என் நடத்தை முழுவதையும் நம் பாஷையில் டென்மார்க்காரியிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனாலும் அம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். மேலே மேகம் கலைந்துவிட்டது, பனியும் வெயிலும் அருமையாக இருந்ததாக அவர்கள் சொன்னார்கள். நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை திரும்பும்போது உங்கள் ஊர்ப் பாதை ரோட்டில் சேரும் இடத்தில் உன் அப்பா நின்றிருந்தார். தோளில் மண்வெட்டி, காலடியில் ஆறு கூம்பும் தாள் கிழியாமல். ஒன்றையாவது உடைத்துத் தேநீரில் போட்டிருந்தால் சம்மதம் என்று அர்த்தம். எதுவும் உடையவில்லை. நான் இறங்கி, சொன்ன நேரத்துக்கு வந்தேன் என்றேன்.

"சர்க்கரைய எறக்கி வச்சிட்டுப் போக நான் கடையா வச்சிருக்கேன் தம்பி? நான் தண்ணியில நின்னேன். அத விட்டுட்டு வந்தா எனக்கு அடுத்த வயக்காரன் கேப்பான். நீ யாருக்காக ஓடுன?"

சர்க்கரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஆனாலும் நான் கைவிடவில்லை. உன் அப்பா மாமாவிடம், பிஹியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். கல்தூமிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "அப்பா இன்னும் வேண்டாம்னு சொல்லல." எனக்கு அது போதும். வருகிற ஞாயிறு மூன்று சவாரியை ரத்து செய்துவிட்டேன். பழைய மணி பன்னிரண்டுக்கு வருகிறேன். வண்டியில் அம்மா, மாமா, சர்க்கரை, அவ்வளவுதான். உங்கள் மடையின் பலகை ஒழுகுகிறது, பத்தில் ஒரு பங்கு தண்ணீர் வீண், அரை மணியில் இரும்பில் வெல்டு பண்ணித் தரலாம். அதைக் கல்யாணத்துக்கு முன் வாயைத் திறந்து சொல்லமாட்டேன், அது உறுதி.

எனக்காகப் பரிந்து பேசு என்று கேட்கவில்லை. நான் பொறுமைசாலி என்று சொல்லாதே, யாரும் நம்பமாட்டார்கள். ஞாயிறு அவன் வருவான், மடை மாறுகிறவரை வாசலில் உட்கார்ந்திருப்பான், ஒரு மணி நேரமோ நாலு மணி நேரமோ, என்று மட்டும் சொல். உன் அப்பாவுக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கல்தூம் நிற்கும் அடுப்படி வரை கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே சொல்.

ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பையும், வெள்ளிக்கிழமைக்கு நல்ல வார்த்தையையும் தரட்டும்.

உன்
யூபா