உங்கள் பெயரில்லாமல் எதுவும் உள்ளே போகாது

என் அன்பு அத்தானுக்கு,

கல்லறைக்குச் செய்தி போய்ச் சேராது என்று தெரியும். ஆனாலும் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். குமரேசன் நேற்று உங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தான் என்பதைவிட, வரவைத்தேன்.

உங்கள் பள்ளியின் இயற்பியல் வாத்தியார். நீங்கள் படுக்கையில் கிடந்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து, "நான் பாத்துக்கிறேன் சார், நீங்க நிம்மதியா இருங்க" என்று உங்கள் கால அட்டவணை மென்பொருளைக் கையில் வாங்கிக்கொண்டவன். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று பள்ளிகளுக்காக நீங்கள் இலவசமாகப் பொதுவில் வைத்த நிரல். புதுவயலிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் டீச்சருக்கு முதல் பாடவேளை போடாதே, விளையாட்டு முடிந்து வேர்த்து வரும் பிள்ளைகளுக்குக் கணக்கு வைக்காதே, பிள்ளைத்தாய்ச்சிக்கு மாடி வகுப்புக் கொடுக்காதே என்று அதற்குச் சொல்லிவைத்தது நீங்கள். வேறு எவனுக்கு அது தோன்றும்?

உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு முன்பே உங்கள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். கோட்டையூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் மேடையேறி, எல்லாம் தன் உழைப்பு என்றான். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியெல்லாம், "விடுடா, அவுகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?" என்றாள். உங்களுக்குப் பொருட்டில்லை. எனக்கு?

இதற்காகத்தானே அன்றைக்கே சண்டை போட்டேன்? "கதவத் தொறந்து போட்டுட்டு ஒறங்குறீக அத்தான். எவன் வேணாலும் நேரா மூலப் பிரதியில கை வைக்கலாம்." நீங்கள் சிரித்தீர்கள். "உள்ள என்னப்பா, நகையா இருக்கு?"

நல்லவேளை, நிரலை வைத்திருக்கும் இணையக் கணக்கை உங்களுக்குத் திறந்து கொடுத்தது நான். முழு உரிமையும் இன்னும் என்னிடம்தான் இருந்தது. கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் பெயரைத் திரும்ப வைத்தேன். எந்த வரியை யார் எழுதியது என்பது பழைய பதிப்புகளில் அழியாமல் கிடக்கிறது. அதுகூடத் தெரியாதவன் திருட வந்திருக்கிறான். பிறகு மூலப் பிரதியைப் பூட்டினேன். இனி யாரானாலும் மூலத்தைத் தொடாமல், கிளை என்கிற தனி நகலில் திருத்தி எழுதித்தான் அனுப்ப வேண்டும். உங்கள் விதிகளை எல்லாம் சோதனைகளாக எழுதிவிட்டேன். கணினி ஓட்டிப் பார்க்கும். தேறினால் நான் பார்ப்பேன். நான் ஒப்பினால்தான் உள்ளே சேரும். உலகம் முழுக்க இப்படித்தான் வேலை நடக்கிறது. நானாகச் சேர்த்தது ஒரே விதி: அனுப்புகிறவர் திருத்தத்தோடு வைக்கும் குறிப்பின் அடியில் 'மூல ஆசிரியர்: ஆரோக்கியம்' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணினியே திருப்பி அனுப்பிவிடும்.

அவனை வெளியே தள்ளியிருக்கலாமே என்பீர்கள். வெளியே போனால் மறந்துவிடுவான். உள்ளேயே இருக்கட்டும். பள்ளிகள் எல்லாம் புதுப்பதிப்பை நம் இடத்திலிருந்துதான் எடுக்கின்றன. அவன் வேறெங்கே போவான்?

பள்ளி திறக்கும் நேரம். சனிக்கிழமை வகுப்பையும் அட்டவணையில் சேர்த்துத் தருவதாக மேடையில் வாக்குக் கொடுத்திருந்தான். சேர்க்க முடியவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னண்ணே இப்புடிப் பண்ணி வச்சிருக்கீக? எத்தன தடவ அனுப்புனாலும் செவப்பாவே நிக்குது."

"என்னன்னு எழுதியிருக்கு சார்?"

"ஒங்களுக்கே தெரியும்ல."

"கண்ணாடி எங்குட்டோ கெடக்கு. நீங்களே வாசிங்க."

முணுமுணுத்தான். "மூல ஆசிரியர் ஆரோக்கியம் பெயர் இல்லை."

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. "சரியாக் கேக்கல தம்பி. இன்னொருக்கா வாசிங்க."

விடுடா என்றவள், அத்தான்! அவன் காது சிவந்துவிட்டது. மறுபடி வாசித்தான், இந்த முறை தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு எங்கள் முன்னால் உட்கார்ந்து உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தான். பச்சை விழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஒப்புதல் கொடுத்தேன். அவன் காப்பி ஆறி ஆடை கட்டும்வரை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான்.

அவனை மன்னித்துவிடு என்று கனவில் வந்து நிற்காதீர்கள். ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் அவன் உங்கள் பெயரை எழுதியே ஆக வேண்டும். நான் இருக்கும்வரை அந்த விதியை எடுக்கமாட்டேன், இது சத்தியம். எனக்குப் பிறகா? உங்கள் மகளுக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டேன். அவள் என்னைவிடப் பொல்லாதவள்.

உங்களுக்காக எதையும் மறக்காத மைத்துனன்,
சவரிமுத்து
காரைக்குடி