பூபாலனிடம் கொடுத்த இரண்டாம் பாகம்

படாளம்,
ஜூன் 17, செவ்வாய்.

அன்புள்ள மகள் ஜெனிட்டாவுக்கு அப்பா சாலமோன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். உன் வீட்டில் எல்லோரும் சுகமா? உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது, அதனால்தான் எல்லோரும் என்று பொதுவாகக் கேட்கிறேன். இத்தனை வருஷம் கழித்து இந்த மனுஷன் எதற்கு எழுதுகிறார் என்று கிழித்துப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சொல்லாமல் நீ ரிஜிஸ்தர் ஆபீஸில் வரதனோடு கையெழுத்துப் போட்டது தப்பு. அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. பெற்றவன் அந்தச் செய்தியைக் கம்பெனி பஸ்ஸில் அடுத்தவன் வாயிலிருந்து கேட்டிருக்கக் கூடாது. உன் போனை எடுக்காதது, சிம்மை மாற்றியது, உன்னோடு பேசக் கூடாதென்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியது எல்லாம் நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ அனுப்பிய புத்தகத்துக்குப் பதில் எழுதாதது வேறு கதை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த நாவலைப் படமாக எடுத்துச் செங்கல்பட்டில் போட்டிருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரையில் எடுத்ததாம். போஸ்டரில் பெயரைப் பார்த்ததுமே நான் வரமாட்டேன் என்றேன். உன் அம்மா, பொண்ணு அனுப்ன பொஸ்தகத்த நீ மட்டும் படிச்சிகின, நான் படமாவது பாக்கறேன், நீ வர்லன்னா நானே பஸ் ஏறிப் போறேன் என்று புடவை மாற்றிக்கொண்டாள். முட்டி வலியோடு அவளைத் தனியாக அனுப்ப முடியுமா, போன வியாழக்கிழமை பகல் காட்சிக்குப் போனோம். கதைதான் உனக்குத் தெரியுமே, லாரி டிரைவர் அப்பன், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு மழையில் வந்து நிற்கிற மகள், எனக்குப் பொண்ணே இல்லை என்று அவன் கதவைச் சாத்துகிறான். நான் படித்த புத்தகம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம், முற்றும் என்றுகூடப் போடவில்லை, இந்தக் காலத்தில் இப்படித்தான் முடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நீ ஒரு கல்நெஞ்சுக்காரன் என்று குத்திக்காட்ட மகள் இதைப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் எடுத்துக்கொண்டேன்.

தியேட்டரில் அந்தக் கதவு சாத்தியதும் விளக்கு எரிந்தது. படம் முடிஞ்சிடுச்சு, செருப்பைத் தேடு என்று உன் அம்மாவிடம் சொல்லி எழுந்தேன். பக்கத்து சீட்டுப் பையன், இன்னா பெர்சு எங்க கெளம்பிட்ட, இண்டர்வெல்லுதான், பாதிப் படம் கீது என்றான். கதை அவ்வளவுதான் தம்பி, நான் வரிக்கு வரி படித்தவன் என்றேன். அப்டின்னா பொஸ்தகம் எழுதுனவருக்கு போன் போட்டுக் கேளு என்று அவன் சிரித்தான், முன் வரிசையும் சேர்ந்து சிரித்தது. பிறகு விளக்கு அணைந்தது. அந்த அப்பன் கதவைத் திறக்கிறான் ஜெனி. மகளைக் காணோம். லாரியை விட்டுவிட்டு அவளுடைய பள்ளிக்கூட அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான். மாமல்லபுரத்துக் கரையில் ஒவ்வொரு படகாகக் கேட்கிறான். அவள் அங்கே இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டுப் போன வாரம்தான் கிளம்பினாள் என்கிறார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இது நீ படிச்ச பொஸ்தகத்துல கீதா, ஏன் எங்கிட்ட சொல்லல என்று கேட்டாள். 

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முதுகுப் பக்கம் கொசு உட்கார்ந்த மாதிரி, முதல் பாகம் என்பதற்கு ஒரு ஒன்று. அன்று பார்சலில் இரண்டு புத்தகம் இருந்தது. ஒரே படம், ஒரே பெயர், ஒரே தடிமன். தவறிப்போய் ஒரே புத்தகத்தை இரண்டு வாங்கிவிட்டாய் என்று நினைத்து மறுநாளே கம்பெனி பஸ்ஸில் ஒன்றை, என்னோடு வேலை பார்த்த பூபாலனுக்குக் கொடுத்துவிட்டேன். எண்ணை அவ்வளவு சின்னதாகப் போட்டவனை என்ன செய்வது? நீயாவது மேலே பேனாவால் பெரிதாக எழுதியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை முதல் ரயிலுக்கே ஊரப்பாக்கம் போனேன். பூபாலன் அதைக் காலண்டர் தாளில் அட்டை போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். படிச்சியாடா என்றேன். நான் எங்க அண்ணாத்த படிக்கிறது, நீ குடுத்தியேன்னு பத்ரமா வெச்சிகினு கீறேன் என்றான். அவன் படித்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பான். கடைசிப் பக்கத்தில் உன் கடிதம் மடித்தபடியே இருந்தது.

அதை அவன் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். போனில் சொன்னால் வைத்துவிடுவீர்கள், புத்தகம் என்றால் கடைசி வரை படிப்பீர்கள், முதல் பாகம் முடிக்கும்போது கோபம் வரும், இரண்டாவது முடிக்கும்போது இருக்காது, அதனால் இங்கே வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதி உள்ளவன்தான், கையில் இருந்ததைக் கடைசி வரை படித்தேன். தை மாதம் குழந்தை பிறக்கும், நம் வீட்டு வழக்கப்படி முதல் பிள்ளைக்கு அம்மாவைப் பெற்றவர்தான் பேர் வைக்க வேண்டும், கிறிஸ்துமஸுக்குள் ஒரு பேர் மட்டும் எழுதுங்கள், வேறு எதுவும் எழுத வேண்டாம், எழுதாவிட்டால் எனக்கு அப்பா இல்லை என்று நினைத்துக்கொள்வேன் என்றும் எழுதியிருந்தாய். ஆறு கிறிஸ்துமஸ் போய்விட்டது.

நீ எழுதிய எண்ணுக்குப் பதினோரு முறை போட்டேன். ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறாள். அம்மா ஒவ்வொரு முறையும் இன்னா சொல்றா, இன்னா சொல்றா என்று கேட்கிறாள். அவளை சத்தியத்திலிருந்து விடுவித்துவிட்டேன், ஆனால் எந்த எண்ணுக்குப் பேசுவாள்? ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் தாத்தாமார்கள் எழுந்து பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லுங்கள், ஜெபிப்போம் என்றார். நானும் எழுந்தேன். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரவில்லை, ஜெபம் முடியும்வரை நின்றேன்.

இது பார்சலில் இருந்த உன் பழைய விலாசம். நீ அங்கே இருக்கிறாயோ, வீடு மாறினாயோ தெரியாது. திரும்பி வந்தால் மறுபடி அனுப்புவேன், நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன், என் பிடிவாதம் உனக்குத் தெரியும். அந்த ஊர்க் குளிரில் காலுறை இல்லாமல் நிற்காதே, டியூட்டி என்று சாப்பாட்டைத் தள்ளாதே. என் புது எண்ணைப் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உனக்கும், மருமகன் வரதனுக்கும், ......................... என்கிற பிள்ளைக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் சுகமும் தருவாராக. இப்போது போய் என்ன பேர் வைப்பது, நீ வைத்ததுதான் பேர். அந்த இடத்தை நீளமாகவே விட்டிருக்கிறேன். அதை உன் கையால் நிரப்பி இந்தத் தாளையே திருப்பி அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா இருக்கிறான்,
சா. சாலமோன்