கப்பலுக்குத் தேறாதவர்

மண்டோரய்யா,

நேற்று பாரோயிலிருந்து என் மகள் வந்தாள். ஒரு பை இஞ்சி மிட்டாய், மாத்திரை அட்டை, மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பட்டை, கூடவே வழவழவென்று ஒரு தாள். பள்ளி விடுமுறைக்குக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போகிறார்களாம். நானும் வர வேண்டுமாம். கப்பலுக்குள் நீச்சல் குளம் இருக்கிறதாம். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு நடுவில் குளம் எதற்கு என்று கேட்டேன். ஒரு மிட்டாயைப் பிரித்து என் வாயில் போட்டாள். இஞ்சிக் காரம் நாக்கில் ஏறியதும், கூப்பிடாத விருந்தாளியாக நீங்கள் வந்து நின்றீர்கள்.

கப்பலில் குமட்டாமல் இருக்க வழி சொல்லும் அந்தத் தாளை வாசித்துக் காட்டினாள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை எடுக்க வேண்டுமாம். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, முட்டவும் கூடாது. காற்றுப்படும் இடத்தில் நின்று, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். எண்ணெய் வாசம் பக்கம் போகக் கூடாது. வாந்தி வந்துவிட்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். யாரோ பெரிய படிப்பாளிகள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். செண்டாயான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், இடுப்பில் சாக்குத் துணியும் வாயில் வெற்றிலையுமாகக் கூலிகளை வேலை வாங்கிய ஒரு மண்டோர் இவ்வளவையும் முழங்கித் தள்ளினார் என்றால் நம்புவாளா? நான் சொல்லவில்லை. உங்கள் பெருமையைப் பேசுவது என் வேலை இல்லை.

இன்னும் 'நீங்கள்' என்றுதான் எழுத வருகிறது. மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். வேலைக்காட்டில் ஏவிய வாய்க்கு முன்னால் நின்ற பழக்கம், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால்மரம் வெட்டுவது நின்று, நாம் மரவள்ளி நட்டு மரவள்ளியே தின்றுகொண்டிருந்த காலம் அது. ஜப்பான்கார அதிகாரி ஒருவன் மொழிபெயர்க்க ஓர் ஆளோடு வந்தான். ஊருக்கு, இந்தியாவுக்குக் கப்பல் விடப்போகிறோம், முதலில் திடமான ஆம்பிளைகள், அப்புறம் குடும்பங்கள் என்றான். பன்னிரண்டு பேர் வேண்டும் என்று உங்களைப் பார்த்துச் சொன்னான். அந்த நிமிஷம் உங்கள் நெஞ்சு எப்படி விரிந்தது என்பதை நான் பார்த்தேன். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாக மூன்று முறை கடல் தாண்டியவர் அல்லவா நீங்கள்!

"மூணு வாட்டி கடலப் பாத்தவன்லா நானு. ஒரு சொட்டு வெளிய வந்ததில்ல" என்று அதற்கு முன்பே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். ஆயிரத்தோராவது தடவை அதற்கு ஓர் உபயோகம் வந்துவிட்டது. புகைக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் பலகை தொங்கவிட்டீர்கள். அதுதான் கப்பல். கப்பலின் எண்ணெய் நாற்றத்துக்குப் பதிலாக, ஒரு சிரட்டை நிறையப் உறைந்து புளித்து நாறும் ரப்பர்க் கட்டிப்பால். பலகையில் ஆளை உட்காரவைத்து, மூக்குக்குக் கீழே சிரட்டையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரை விட்டு ஆட்டச் சொல்வீர்கள். நீங்கள் ஒரு வெற்றிலையை மென்று துப்பும்வரை குமட்டாமல் இருந்தால் அந்த ஆள் தேறினான். உடனே கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிப் பெயரை எழுதவைப்பீர்கள்.

"காலப் பாக்காதடா! தூரத்துல அந்த மலையப் பாரு! தலைய ஆட்டாத, கப்பல் ஆடட்டும்!" என்று கத்துவீர்கள். கடல் தோற்றது. இத்தனை பெரிய யுத்தத்தில் உலகமே எரிந்துகொண்டிருக்க, எங்கள் தோட்டத்து மகா பண்டிதர் ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆனால் சிரித்துக்கொண்டு மட்டும் நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நானும் அந்த வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு, என் வீட்டுக்காரரின் முறை வருமென்று சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன்.

அவருக்குப் போயே ஆக வேண்டும். யுத்தத்துக்கு முன் வந்த கடைசிக் கடிதத்தில் அவருடைய அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. "கையாலயாவது என் மூஞ்சியத் தடவிப் பாக்கட்டும்" என்பார். பலகையில் ஏறி உட்கார்ந்தார். மூன்றாவது ஆட்டத்தில் மரவள்ளி மொத்தமும் உங்கள் காலடியில் விழுந்தது.

"இவன ஏத்துனா கப்பலே நாறிடும்லா! எறங்கு. அடுத்த ஆளு வா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து ஏறியவர் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து வீட்டு முனியாண்டி. அவர் சிரட்டையை முகர்ந்துகொண்டே பாட்டுப் பாடினார், தேறினார். பன்னிரண்டாவது பெயர் அவருடையது.

நான் விட்டுவிடவில்லை. ஒரு வாரம் வீட்டுக்குப் பின்னால் கயிறு கட்டி அவரை ஆட்டினேன். சுக்கைத் தட்டி வாயில் அடக்கச் சொன்னேன். உப்பில் ஊறிய எலுமிச்சை கொடுத்தேன். வறுத்த அரிசி ஒரு பிடி, அதுவும் யார் யாரிடமோ கெஞ்சி வாங்கியது, ஆட்டுவதற்கு முன் தின்னக் கொடுத்தேன். எதுவும் நிற்கவில்லை. கடைசியில் இருந்த ஒரே கோழியை முந்தானையில் சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். மண்டோரிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் கோழி. தோட்டத்தில் அது யாருக்குத் தெரியாது? மற்றவர்கள் கொடுத்ததை நீங்கள் தின்றதும் எனக்குத் தெரியும், எலும்பு உங்கள் வாசலில்தான் கிடந்தது.

"கோழியத் தூக்கிட்டுப் போ தாயி. நடுக்கடல்ல இவன் மயங்கி விழுந்தான்னா ஜப்பான்காரன் தூக்கித் தண்ணியில போட்டுருவான்" என்றீர்கள். கருணை இல்லை அது. உங்கள் ஊஞ்சல் வித்தை பொய்த்துப்போகக் கூடாது என்கிற கர்வம். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

பிறகு பெயர்களைக் கொடுக்க நீங்கள் சிரம்பானுக்குப் போனீர்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வழக்கமான சத்தம் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் சுக்கு கொடுத்தீர்கள். முனியாண்டி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விட்டீர்கள். பெரிய மனுஷன் தோரணை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் திடலிலேயே லாரி வந்து நின்றது. பன்னிரண்டு பேரும் துவைத்த துணியில் ஏறினார்கள். கடைசியில் நீங்களும் ஏறினீர்கள். ஐம்பது தாண்டியவர், உங்களை யாரும் கேட்கவில்லை. கப்பலில் நம் ஆட்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். லாரி நகர்ந்தபோது என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிப் பின்பலகையைப் பிடித்துத் தொங்கினார்.

"அண்ணே, என்னையும் ஏத்திக்கங்கண்ணே! வாயக் கட்டிக்கிட்டு வரேன்!"

நீங்கள் அவர் விரல்களை மிதித்தீர்கள். விடவில்லை என்றதும் மார்பில் உதைத்தீர்கள். "எறங்குடா, வாந்திக்காரப் பயலே!" அவர் மண்ணில் உருண்டார். லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மண்ணை வாரித் தூற்றினேன். நீங்கள் கடலில் மூழ்கிச் சாக வேண்டும் என்று அத்தனை பேர் முன்னாலும் சாபம் விட்டேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் கடைசிவரை நிமிரவே இல்லை.

கப்பலும் இல்லை, கடலும் இல்லை. சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலை. ஜப்பான்காரன் தோற்ற பிறகு, பன்னிரண்டு பேரில் கருப்பையா ஒருவர்தான் திரும்பி வந்தார், காலில் எலும்பு தெரியும் புண்ணோடு. லயத்துக் குழாயடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கூட்ஸ் வண்டியில் அடைத்துப் போகும்போது நீங்கள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டீர்களாம். பெயர்களைக் கொடுக்கப் போன அன்றே சிரம்பான் ஸ்டேஷனில் மற்றத் தோட்டத்து ஆட்களை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தீர்களாம். கப்பலுக்கு இல்லை, சயாமுக்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டீர்களாம். அங்கே காலரா வந்தபோது ஒவ்வொருவர் தலையையும் மடியில் வைத்து, உப்புக் கஞ்சித் தண்ணீரை மடக்கு மடக்காக ஊற்றினீர்களாம். முனியாண்டி உங்கள் மடியில் போனாராம். இரண்டு நாள் கழித்து நீங்கள்.

இதைச் சொல்லிவிட்டுக் கருப்பையா உங்களைக் கும்பிட்டார். எனக்குக் கை எழவில்லை. தெரிந்திருக்கிறது! ஒரு ராத்திரி முழுக்கக் கையில் இருந்திருக்கிறது! தோட்டத்துக்குப் பின்னாலேயே காடு. "ஓடுங்கடா" என்று ஒரு வார்த்தை போதும். ஊஞ்சலாட்டி ஏமாந்துபோனேன் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை வாயில் அடக்கிக்கொண்டு சுக்குப் பொட்டலம் கொடுத்தீர்கள். கூடப் போய்ச் செத்தால் சரியாகிவிடுமா? யாருக்கு வேண்டும் நீங்கள் செத்தது? உயிரோடு ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டிய மனுஷன் நீங்கள்.

பன்னிரண்டு பேரை ஏற்றிவிட்டு ஒருவரை உதைத்துத் தள்ளினீர்கள். அந்த ஒருவரோடு நான் நாற்பது வருஷம் வாழ்ந்தேன். இஞ்சி மிட்டாய் வாங்கி வந்த மகள் அதற்கப்புறம் பிறந்தவள். அவர் உங்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நான் திட்ட ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

கருப்பையா பேசி முடித்த அன்று முனியாண்டியின் பெண்டாட்டியும் குழாயடியில்தான் இருந்தாள். அவள் உங்களைத் திட்டவில்லை. என் வீட்டுக்காரரின் கோணல் விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு ஒத எங்க வீட்டு ஆளுக்கு விழுந்திருக்கக் கூடாதா, அக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கையை இழுத்து என் முந்தானையில் மறைத்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இருபது வருஷம் அப்படியே இருந்தோம். என் வீட்டுக்காரர் இருமினால்கூட, அந்தப் பக்கம் கேட்டுவிடப் போகிறது, மெதுவாக இருமுங்கள் என்பேன். சிரித்தால் கையைக் காட்டி அடக்குவேன். உங்களை மன்னிக்கவில்லை மண்டோரய்யா, மன்னிக்கவும் போவதில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.