யாரும் தட்டாத தாளம்

கோத்தன்பர்க், நவம்பர் 4

அன்புள்ள டீசாவுக்கு,

இருமல் தேவலையா? இங்கே செய்தி நல்லதல்ல. நடப்பவரின் அடிக்கு ஏற்ற பாட்டைத் தருகிற நம் நடைப்பாட்டு இணையதளத்துக்கு ஒவ்வொரு பாட்டின் தாள வேகத்தையும் தந்துவந்த அந்தப் பெரிய நிறுவனம், இனி வெளியாருக்கு அந்தத் தகவல் கிடையாது என்று சொல்லிவிட்டது. பாட்டை மட்டும் ஒலிக்க விடலாமாம். மாதக் கடைசி வரைதான் கெடு. அதற்குள் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொள்வோம்.

என் அக்கா மாரிட்டை நினைத்துப் பார். பார்க்கின்சன் நடுக்குவாதம் வந்ததிலிருந்து தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அது பிசகினால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, விழுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹென்னிங்

மால்மோ, நவம்பர் 7

அன்புள்ள ஹென்னிங்,

நகல் வேண்டவே வேண்டாம். அனுமதி முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாம். மீறினால் பாட்டையும் நிறுத்திவிடுவார்கள்.

வேறு வழி செய்திருக்கிறேன். பாட்டைக் கேட்பவர்களே தாளத்துக்குத் திரையில் விரலால் தட்டட்டும். சிலர் தட்டினால் போதும், வேகம் தெரிந்துவிடும். கொஞ்ச நாள் பிடிக்கும், பொறு. காபி இறங்குவதற்குள் கெண்டியைத் தூக்குகிற ஆள் நீ.

மாரிட்டைக் கேட்டதாகச் சொல்.

டீசா

கோத்தன்பர்க், டிசம்பர் 5

அன்புள்ள டீசாவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. ஜனங்கள் தட்டோ தட்டென்று தட்டுகிறார்கள். ஏறக்குறைய எல்லாப் பாட்டுக்கும் வேகம் கிடைத்துவிட்டது. "டீசா கெட்டிக்காரிடா. உனக்கு அந்த மூளை ஏது?" என்கிறாள் மாரிட்.

ஹென்னிங்

மால்மோ, டிசம்பர் 13

ஹென்னிங்,

இன்று லூசியா நாள். மெழுகுவர்த்தியோடு பிள்ளைகள் மெல்ல நடந்து வரும்போது பாடுகிற பாட்டைத் தளத்தில் தேடினேன். போன வருஷம் நிறுவனத்தின் இயந்திரம் அதை இரு மடங்கு வேகமாக எண்ணி வைத்திருந்தது. "இதைக் கேட்டு நடந்தா அக்கா ஓட்டப் பந்தயத்துக்குத்தான் போகணும்" என்று நீ சிரித்தாய். இப்போதும் அங்கே அதே தப்பான எண். அந்தப் பாட்டுக்கு எந்த மனித விரலும் அவ்வளவு வேகமாகத் தட்டாது.

யாரும் தட்டவில்லை. நிறுவனத்திடமிருந்து நகலெடுத்த எண்களை நீ தளத்தில் கொட்டியிருக்கிறாய்.

பயத்தில் செய்தாய், அது புரிகிறது. ஆனால் மாரிட்டின் வாயால் எனக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தளத்திலிருந்த நகலை அழித்துவிட்டேன். நிறுவனத்துக்கு நீயே எழுதிச் சொல். நான் விலகிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

டீசா

கோத்தன்பர்க், டிசம்பர் 20

அன்புள்ள டீசாவுக்கு,

எழுதிச் சொல்லிவிட்டேன். பாட்டையும் நிறுத்திவிட்டார்கள். தளம் இனி இல்லை.

இப்போது நான் கை தட்டுகிறேன், மாரிட் சமையலறையிலிருந்து ஜன்னல் வரை நடக்கிறாள். எனக்கு எப்போதும் வேகம் கூடிவிடுகிறது. நேற்று பாதி வழியில் கால் ஒட்டிக்கொண்டது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு இது வராதுடா. கிறிஸ்துமஸுக்கு டீசா வருவாள்ல, அவ தட்டட்டும்" என்றாள்.

நீ வரமாட்டாய் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ஹென்னிங்