மஞ்சள் சட்டையில் உன் மகள்

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் சித்ரா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளில் உனக்கு எழுதியதே இல்லை. இப்போது எழுதக் காரணம், வாயால் சொல்லக் கூசுகிற ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் சங்கவி நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டாள். புதூர்நாட்டிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை அவள்தான் என்று டீச்சர் சொன்னாராம். சொன்னதாக அவளேதான் சொன்னாள். கலாதான் தலை வாரிவிடுகிறாள். கட்டி வந்த புதிதில் என் மனைவிக்கு இந்தப் பிள்ளையிடம் பேசவே பயமாக இருந்தது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைத்தான் கேலி செய்கிறார்கள். உன் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் இருக்கிறார். பண்டிகைக்கு வருவார், பிள்ளையைப் பார்த்து அழுவார், போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நல்லதில்லாத சேதி என்னவென்றால், இரண்டு வயதில் வேலூரில் அவளுக்குச் செய்தார்களே இதய ஆபரேஷன், அப்போது சரிசெய்த இடத்தில் வால்வு கசிகிறது. உடம்பில் நீர் கட்டாமல் இருக்கக் காலையில் ஒரு மாத்திரை கொடுக்கிறோம். அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்னொரு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நான் பயந்துபோயிருந்த அந்த நேரத்தில்தான் போன் வந்தது. மலைக்குக் கீழே ஒரு ஊரில் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற சங்கம். பெயர் வேண்டாம். இதய நோய் உள்ள குழந்தைகளை ஒருநாள் உல்லாசப் பூங்காவுக்கு அழைத்துப்போகிறார்களாம். சங்கத்தின் செயலாளர் என்று ஒருவர் பேசினார். “நீங்க பாப்பாவ கூட்டினு வாங்க போதும். அடுத்த ஆபரேஷனுக்கு வேணுங்கறத நாங்க பார்த்துக்கறோம்” என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அக்கா, நான் வர்றேன் என்று சொன்னேன். பூங்காவுக்காக இல்லை.

சங்கவிக்குப் பூங்காதான் எல்லாம். பத்து நாளாக அதே பேச்சு. நான் டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டேன். மெதுவாகச் சுற்றுகிறவற்றில் ஏறலாம், வேகமானவை கூடாது, வெயிலில் நிற்க வைக்கக் கூடாது, தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார்.

விடிவதற்குள், நான் ஆள் ஏற்றி ஓட்டுகிற ஜீப்பை எடுத்து மலையிறங்கி, திருப்பத்தூரில் அவர்களுடைய பஸ்ஸில் ஏறினோம். இருபது குழந்தைகள் இருப்பார்கள். பஸ் ஓட்டியவர் வாணியம்பாடிக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். பாதி வழியில் சங்கவி என் சட்டையை இழுத்தாள்.

“மாமா, ஒண்ணுக்கு வருது.”

நான் எழுந்துபோய்ச் செயலாளரிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னும் அரை மணி நேரம்தாங்க. சீஃப் கெஸ்ட் வந்துடுவாரு. கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்க.”

நான் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். என் ஜீப்பில் ஆட்டுக்குட்டி ஒன்று ஓங்கரித்தால்கூட ஓரங்கட்டி நிறுத்துகிறவன் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உன் மகள் தொடைகளை இறுக்கிக்கொண்டு, அழாமல் இருக்க ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் பாய் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு பெட்ரோல் பங்கில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினார். செயலாளர் கத்தினார். “இன்னா சார் அரை மணி நேரம்? கொழந்த மொகத்தப் பாருங்க மொதல்ல” என்றார் பாய். பிறகு சங்கவியிடம், “நீ எறங்கும்மா. நிதானமா போய்ட்டு வா. வண்டி எங்கியும் ஓடாது.”

அவளோடு இன்னும் ஏழெட்டுக் குழந்தைகள் இறங்கின. அத்தனை பேருக்கும் அதே மாத்திரைதான் போலிருக்கிறது. கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

பூங்கா வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். காலர் வைத்த பனியன், கழுத்தில் இரண்டு பட்டன். நெஞ்சில் பெரிதாக ஒரு சிவப்பு இதயம், அதன் நடுவில் ஒரு விரிசல். கீழே, ‘இதயம் பழுதான பிஞ்சுகளின் இன்பச் சுற்றுலா’. சங்கவி எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பழுதுன்னா ரிப்பேரு தானே மாமா? ஜீப்புக்குச் சொல்லுவியே.”

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அதைப் போடாதே என்று சொல்லியிருக்க வேண்டாமா? கையைத் தூக்கு என்று சொல்லி நானே மாட்டிவிட்டேன்.

அந்தச் சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. குழந்தைகளை இரண்டு வரிசையாக வெயிலில் நிற்க வைத்தார்கள். நிழலில் ஒதுங்கியவர்களை, “லைன் கலையக் கூடாது” என்று திரும்ப இழுத்து வந்தார்கள். தண்ணீர் பாட்டில்கள் பெட்டி பெட்டியாகப் பக்கத்திலேயே இருந்தன. ஒரு அம்மா போய் எடுக்கக் குனிந்தபோது, “அத அவரு கையாலதான் குடுக்கணும், வெய்யிங்க” என்றான் ஒருவன். நம்புவாயா அக்கா? மூச்சு வாங்குகிற பிள்ளைகளுக்கு முன்னால் தண்ணீரை அடுக்கி வைத்துவிட்டு, கொடுக்க ஒரு பெரிய மனிதர் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். நான் கொண்டுபோயிருந்த பாட்டிலைச் சங்கவிக்குக் கொடுத்தேன். அவள் இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற சின்னப் பையனிடம் நீட்டினாள். அது அப்படியே வரிசையில் போய்க் காலியாகத் திரும்பி வந்தது.

விருந்தினர் வந்தார். பாட்டில்களைக் கொடுத்தார். படம் எடுக்கிறவன் வெளிச்சம் சரியில்லை என்றான். கொடுத்த பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் வந்து நின்று மறுபடி கொடுத்தார்.

அவர் போன பிறகு உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் ஒரு பலகை இருந்தது. இதய நோயாளிகளுக்கு அனுமதி இல்லை. நெஞ்சிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு போகிறவர்களை யார் ஏற்றுவார்கள்? பூங்கா ஆட்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் பயப்படுவது நியாயம்தான். நான் செயலாளரிடம் போனேன்.

“எதுலயும் ஏத்த மாட்டேன்றாங்க சார். அப்ப எதுக்குக் கூட்டியாந்தீங்க?”

“சுத்திப் பார்த்தாலே அதுங்களுக்குச் சந்தோஷந்தானே?” என்றார். அதுங்களுக்கு என்றார் அக்கா.

இனி சொல்வதுதான் சொல்லக் கூசுகிற இடம்.

மரத்தடியில் நாற்காலி போட்டு ஒவ்வொரு குழந்தையாக வீடியோ எடுத்தார்கள். ‘எனக்கு ஹார்ட்ல ஓட்ட, இவங்கதான் என்னச் சிரிக்க வெச்சாங்க’ என்று சொல்ல வேண்டும். சங்கவி முறை வந்தது. சொன்னாள். திக்காமல்தான் சொன்னாள். செயலாளருக்குப் போதவில்லை. என் காதருகே குனிந்தார். “தழும்பு கொஞ்சம் தெரிஞ்சா பார்க்கறவங்க மனசு எளகும். மேல் பட்டன் மட்டும் போதும். ஆபரேஷனுக்கு நாங்க நாலு பேர்கிட்டப் பேசணும் பாருங்க.”

நான் தலையாட்டினேன்.

ஆமாம் அக்கா. நான்தான், உன் தம்பி. தலையாட்டிவிட்டு நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டு, அவள் கழுத்துப் பட்டனில் கை வைத்தேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“இது இன்னா, டாக்டர் ரூமா மாமா?”

அவள் செயலாளரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க டாக்டரா சார்?”

யாரோ சிரித்தார்கள். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “வாயப் பாரு. இதுக்குத்தான் மலைக்காரங்களக் கூப்பிடாதீங்கன்னு சொன்னேன்” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே.

அவர்மேல் வந்த அருவருப்பு பெரிதில்லை. அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். என் கைமேல் வந்த அருவருப்புதான் இன்னும் போகவில்லை. சோற்றைப் பிசையும்போது ஒருநாள் அந்த நினைப்பு வந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? பயம் ஒரு மனிதனை இவ்வளவு மலிவாக்கிவிடுமா?

“வேணாம் சார்” என்று எழுந்தேன். “ஆபரேஷன யோசிச்சுப் பாருங்க” என்றார். “நான் பார்த்துக்கறேன்.” பையிலிருந்து அவளுடைய நீல கவுனை எடுத்துக் கொடுத்தேன். கழிப்பறையில் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். மஞ்சள் சட்டையை அந்த நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தோம்.

முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். டாக்டரம்மாவின் கடிதத்தைக் காட்டினேன். அன்றைக்கு அதை முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். சங்கவியை உட்கார வைத்து நாடி பார்த்தார், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தார், அரை மணி நேரம் ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தார். பிறகு அவரே கூட நடந்துவந்து, குட்டி ரயில் ஓட்டுகிறவரிடம், “இந்தப் பாப்பா ஏறலாம், நான் சொல்றேன்” என்றார்.

மூன்று பெட்டி ரயில். முட்டி நெஞ்சில் இடிக்க நானும் ஏறிக்கொண்டேன். ஒரு குளத்தைச் சுற்றி, ஒரு பொய்க் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. குகைக்குள் சங்கவி சத்தம் போட்டாள், எதிரொலி கேட்டது, சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற உன் மகளின் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் அழுகிற வயலின். என் ஜீப்பில் ஏறியவர்களே அதை என்னிடம் காட்டி உச்சுக்கொட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் அவளைப் பழுது என்று கூப்பிட்டார்களாம். இதைக் கலாதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, “நீ இன்னா பண்ணப் போற?” என்று கேட்டாள்.

அந்தப் பயணத்துக்காக ஆரம்பித்த வாட்ஸப் குழுவில் எல்லோர் நம்பரும் இருந்தது. ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஒன்பது பெற்றோர் வந்தார்கள். சங்கத்தின் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். “நல்லது செஞ்சாலும் கெட்டப் பேருதான்” என்று செயலாளர் புலம்பினார். படுக்கையில் கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு அம்மா, “தண்ணியக் குடுத்துட்டுத் திரும்பப் புடுங்கனீங்களே, அதுக்கு இன்னா பேரு சார்?” என்று கேட்டார். எங்கள் கண் முன்னாலேயே வீடியோவை நீக்கினார்கள். பரவினது பரவினதுதான்.

போன வாரம் வேலூர் போனோம். ஆஸ்பத்திரியில் அரசாங்கக் காப்பீட்டு அட்டையைப் பார்க்கிற பெண் நம் அட்டையைப் புரட்டிவிட்டு, “ஆபரேஷனுக்கு இதுவே போதுங்க. வேற யாராவது எதாவது சொன்னாங்களா?” என்றார். நாம் வைத்திருக்கிற அட்டையே போதுமாம். யாரையும் கேட்காமல், விசாரிக்காமல், ஒரு போன் பேச்சை நம்பி, நான் முட்டி போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஆபரேஷன். டாக்டரம்மா படம் போட்டுச் சங்கவிக்கே விளக்கினார். அவளும் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். திரும்பி வரும்போது, மலையேறுகிற வளைவில் கேட்டாள்.

“எல்லாம் சரியானதும் அந்த பார்க்குக்குத் திரும்ப போலாமா மாமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அந்த எடத்துக்கா? சீ!”

“அந்த எடம் இன்னா பண்ணுச்சு?” என்றாள்.

இந்த அருவருப்பு என்னுடையது. அவள் தலையில் அதைக் கட்ட எனக்கு உரிமை இல்லை.

போகிறோம் அக்கா. நான், கலா, உன் மகள். யார் அழைத்தும் இல்லை. எல்லோரையும் போல வரிசையில் நின்று சீட்டு வாங்கி, அவளுக்குப் பிடித்த உடையில், டாக்டர் ஏறலாம் என்று சொல்கிற எல்லாவற்றிலும் ஏற்றுவேன். கூடாது என்பதை ஏன் கூடாது என்று உள்ளபடி சொல்வேன். அவள் சார்பாக இனி எங்கேயும் அவளைக் கேட்காமல் தலையாட்ட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்டுவிட்டேன். “சரி, வுடு மாமா” என்றாள்.

உன் தம்பி,
சங்கவியின் தாய்மாமன்,
முருகேசன்