தோணிக்கரைப் பாட்டின் கடைசிச் சரணம்

தை 5, திங்கள்

கடும் பனி. எதிர்வீட்டு ஓடுகூடத் தெரியவில்லை. காப்பித்தூள் தீர்ந்தது. ரேடியோவுக்குப் பின்னால் எறும்பு வரிசை. மஞ்சள்பொடி தூவ வேண்டும்.

வானொலியிலிருந்து பதில். மாதர் நிகழ்ச்சியில் என் பேச்சு. தலைப்பு நான் கேட்டதே: கவனிக்கப்படாத திரை இசை. வெள்ளிக்கிழமை திருச்சியில் ஒலிப்பதிவு. இசைத்தட்டுகளை நானே கொண்டுவர வேண்டுமாம், அவர்களிடம் இல்லையாம். எப்படி இருக்கும்? வந்த வேகத்தில் பெட்டிக்குத் திரும்பிய படங்களின் தட்டை யார் வைத்திருப்பார்கள்? டூரிங் டாக்கீஸ் நடத்தியவரின் மனைவிதான்.

போட வேண்டியவை:

பேய்ப்படத்துத் தாலாட்டு. பேயைப் பார்த்துச் சனங்கள் சிரித்துவிட்டார்கள், படம் போயிற்று. துணைக்கு கிளாரினெட் ஒன்றுதான். போதும்.

மந்திரவாதிப் படத்தின் கூட்டுப்பாட்டு. மாண்டலின். நாற்பது பேர் பாடுவதுபோல் இருக்கும். ஆறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

பக்திப் படத்தில் நாத்திகன் பாடும் பாட்டு. பக்தர்களுக்கும் பிடிக்கவில்லை, கழகத்தாருக்கும் பிடிக்கவில்லை. வயலின் அபாரம்.

தோணிக்கரைப் பாட்டு. (இனி தோ.பா.) இதற்காகத்தான் மற்ற மூன்றும்.

முதல் மூன்றும் என் பெட்டியில். தோ.பா. தங்கவேலுவிடம். டாக்கீஸில் படம் தொடங்கும்முன் தட்டுப் போட்டவன். கொட்டகையை மூடியபோது பாதித் தட்டுகளை அவனுக்கே கொடுத்துவிட்டார் இவர் (என் வீட்டுக்காரர்). இப்போது சொந்தமாக சவுண்ட் சர்வீஸ். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் இந்த ஊரில் அவன்தான் எல்லாம். கூலித் தகராறில் அறுப்பு நின்றிருக்கிறது, என் வயலிலும்.

இதை எழுதும்போதே ஒலிபெருக்கியில் தோ.பா.! வாய்க்கால் மதகுப் பக்கம், சங்கக் கொட்டகையிலிருந்து. பேனாவை வைத்துவிட்டேன். எத்தனை வருடம்! பல்லவி முடிந்ததும் படக்கென்று ஊசியை எடுத்துவிட்டான். காட்டுமிராண்டி.

பாக்கியம் (பாத்திரம் தேய்க்கவும் வருவாள், வயலுக்கும் போவாள்) சாம்பல் கையோடு எழுந்தாள்.

“அம்மா, பாட்டு போட்டுட்டாங்க. நான் போயிட்டு வந்துடுறேன்.”

“பாட்டு போட்டா உனக்கென்னடி?”

“இந்தப் பாட்டு கேட்டா எங்க இருந்தாலும் கரையேறி வந்துடணும்மா. சங்கத்துல சொல்லியிருக்கு. வெளியாள எறக்கப் பாக்குறாங்களோ என்னவோ.”

“அதுக்கு வேற பாட்டே கிடைக்கலியா?”

“வேற பாட்டுன்னா கல்யாண வீட்டுலயும் போடுவான், டீக்கடையிலயும் போடுவான். போன வருசம் அப்படித்தான், எவனோ காதுகுத்துக்குப் போட்டான்னு அத்தன பேரும் அருவாளும் கையுமா வரப்புல ஏறி நின்னோம். சிரிப்பா சிரிச்சுப் போச்சு. இத சீந்த ஆளு கெடையாதும்மா. அதான்.”

சீந்த ஆள் கிடையாது! பாத்திரம் பாதியில் கிடக்கிறது.

தை 6, செவ்வாய்

பனி விலகத் தாமதம். சங்கக் கொட்டகைக்கு நானே போனேன். குடை, கண்ணாடி, வெள்ளைப் புடவை. பெண்கள் எழுந்துகொண்டார்கள். உட்காரச் சொன்னேன்.

தங்கவேலு துண்டை இடுப்பில் கட்டவில்லை, தோளிலேயே கிடந்தது. நல்லது. மரியாதை வேறு எங்கோ இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு நாளுக்குத் தட்டு வேண்டும் என்றேன்.

“எனக்கென்னங்கம்மா, குடுக்குறதுக்கு? அறுப்பு முடியிற வரைக்கும் அது என் தட்டு இல்லீங்க, ஊருத் தட்டு.”

“ஒரே ஒரு நாள்.”

“அந்த ஒரு நாளுல உங்க கொழுந்தனாரு லாரியில ஆள எறக்கிட்டா? நான் வாயாலயா பாடுறது?”

ஒரு கிழவி: “நீ பாடுனா வயலுல இருக்குறவன் கரையேற மாட்டான்யா, ஊரை விட்டே ஓடிடுவான்.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

புறப்படும்முன் ஒன்று மட்டும் கேட்டேன். பல்லவியோடு ஏன் நிறுத்துகிறாய்?

“அதுக்குள்ள ஆளுங்க வந்துடுறாங்கம்மா. அப்புறம் எதுக்கு ஊசியத் தேய்க்கணும்?”

டாக்கீஸில் இவர் என்ன செய்வார் என்று அவனுக்குத் தெரியும். கடைசிச் சரணம் முடியாமல் படம் ஓட்ட விடமாட்டார். விசில் பறக்கும், தரை டிக்கெட்டிலிருந்து மண்ணாங்கட்டி பறக்கும். அசைய மாட்டார். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்.

தை 7, புதன்

தபாலில் அழைப்பிதழ். திருக்கடையூரில் ஒன்றுவிட்ட தங்கைக்கு அறுபதாம் கல்யாணம். ‘அவசியம் வரவும்’ என்று அச்சில் இருக்கிறது. போனால் வெள்ளைப் புடவைக்குத் தூணுக்குப் பின்னால் நாற்காலி போடுவார்கள். போவதாக இல்லை. மணியார்டர் மட்டும்.

மாலையில் சின்னவர் (இவருடைய தம்பி) வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பம்.

“கொடி கட்டுன கொட்டகைக்கு நீங்க எதுக்கு அண்ணி போவணும்? எங்க மிராசுதாரு சங்கத்துல பூரா என்னைக் கேக்குறான், உங்க அண்ணி கட்சி மாறிட்டாங்களான்னு.”

“இசைத்தட்டு வாங்கப் போனேன் தம்பி.”

“வேற பாட்டு போட்டுக்குங்களேன். தமிழ்நாட்டுல பாட்டுக்கா பஞ்சம்?”

காப்பித்தூள் இல்லை, மோர் கொடுத்தேன்.

தோ.பா.வுக்குப் பதிலாக வேறு எதையும் வைக்கப் போவதில்லை. ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டலாமா என்று பார்த்தேன். பல்லவி சரியாக வருகிறது. பல்லவி யாருக்கும் வரும். இரண்டாம் இடையிசையில் வீணை நின்று பியானோ மட்டும் இறங்கும், பிறகு சரணத்தில் அந்தக் குரல் சற்றே பிந்தி நுழையும். வரமாட்டான் என்று தெரிந்தும் தோணிக்காகக் காத்திருப்பவள் வேறு எப்படிப் பாடுவாள்? கான்வென்ட் பியானோ வகுப்பில் தாளத்துக்குப் பிந்தி நுழைந்தால் சிஸ்டர் பென்சிலால் விரல் முட்டியில் ஒன்று வைப்பார். அவர் இதைக் கேட்டிருந்தால் பென்சிலைக் கீழே வைத்திருப்பார். ஆர்மோனியத்துக்கு அது சொன்னாலும் புரியாது. மூடிவிட்டேன்.

நாளை தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை. இதுவரை என் சார்பில் சின்னவர்தான் கையெழுத்து. நாளை நானே போகிறேன்.

தை 8, வியாழன்

தாலுகா ஆபீஸ். மின்விசிறி ஓடவில்லை. பெஞ்சில் மூட்டைப்பூச்சி.

கூலி உயர்வுக்குச் சின்னவர் தரப்பு கடைசியில் தலையாட்டிற்று, கேட்டதில் பாதிக்கு. எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. கூலி நெல்லை எந்த மரக்காலில் அளப்பது என்று எழுதவில்லையே? எங்கள் குடும்பத்துப் பழைய மரக்காலின் அடி உள்பக்கம் உயர்ந்திருக்கும், நெல் குறைவாகத்தான் பிடிக்கும். எனக்குத் தெரியும், நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். சர்க்கார் முத்திரை வைத்த மரக்கால் என்று எழுதச் சொன்னேன். தாசில்தார் பேனாவைத் திறந்தார். சின்னவர் சன்னலைப் பார்த்தார்.

முதல் கையெழுத்து என்னுடையது.

தட்டுக்காகச் செய்தேனா? வழியெல்லாம் யோசித்தேன். தட்டு இல்லாவிட்டாலும் மரக்கால் விஷயம் கேட்டிருப்பேன். ஆனால் இன்றே கேட்டிருப்பேனா, தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் தங்கவேலு வந்தான். துண்டில் சுற்றிய தட்டு.

“நாளைக்கு அறுப்புங்கம்மா. இனி இதுக்கு வேலை இல்ல. கொண்டுபோங்க. ரேடியோவுல நாலு பேரு கேட்டா நல்லதுதானே.”

ஓரத்தில் சிவப்புப் பெயின்ட், அவன் கடை அடையாளம். ஒரு கீறல், பல்லவியில். சரணத்தில் கீறலே இல்லை. எப்படி இருக்கும், போட்டால்தானே.

தை 9, வெள்ளி

திருச்சி. பஸ்ஸில் மடியிலேயே தட்டு. ஒலிப்பதிவு அம்மாள் நல்லவள், அவசரக்காரி. “பல்லவியும் ஒரு சரணமும் போதும் மாமி, நேரம் இருக்காது.” என் பேச்சில் இரண்டு பத்திகளை அங்கேயே அடித்துவிட்டுப் பாட்டை முழுதாக வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

தோடு கனக்கிறது. தலைவலி.

தை 12, திங்கள்

அறுப்பு நடக்கிறது. என் களத்தில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தட்டைத் தங்கவேலுவிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. பனி குறைந்திருக்கிறது. எறும்பு குறையவில்லை.

தை 15, வியாழன்

நடுப்பகல் ஒலிபரப்பு. சன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் குரல் எனக்கே அந்நியம். ‘அபூர்வம்’ என்பதை விழுங்கிவிட்டேன். தோ.பா. முழுதாக வந்தது. இவர் நாற்காலியை ரேடியோ பக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். வேறு எழுத வேண்டாம்.

அடுத்து நாத்திகன் பாட்டு பாதியில் இருக்கையில் வாசலில் சின்னவர். வேட்டியெல்லாம் பதர்.

“அண்ணி! ரேடியோவுல உக்காந்துக்கிட்டு ஸ்ட்ரைக் நடத்துறீங்களா?”

விரலை உயர்த்தினேன். வயலின் முடியும்வரை நின்றார். அண்ணன் கொட்டகையில் பழக்கியது.

என்ன நடந்தது என்று அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. மாலையில் பாக்கியம் சொன்னது:

“சின்னய்யா வயலுல பாதிப் பேரு அறுக்குறோம், களத்துல முந்தாநாளு கூலி அளந்துக்கிட்டு இருக்காங்க. திடீர்னு பஞ்சாயத்து ரேடியோ கொழாயில நம்ம பாட்டு! அவ்வளவுதான், ஒப்பந்தத்த மீறிட்டானுவன்னு அத்தன பேரும் கரையேறிட்டோம். தங்கவேலு அண்ணன் எங்ககூடதான் நிக்கிது. ‘நான் போடலடா, நான் இங்கதானடா இருக்கேன்’னு கத்துது. யாரு கேக்குறா?”

“அப்புறம்?”

“கூட்டமா களத்தப் பாத்து நின்னோம். கணக்குப்புள்ளைக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு. கையில இருந்த பழைய மரக்கால வைக்கப்போருல சொருவிட்டு ஓடுனாரு பாருங்க வீட்டுக்கு! முத்திரை மரக்காலோட வந்து, மொதல்லேருந்து அளக்குறாரு. நாங்க ஒண்ணுமே கேக்கலம்மா!”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்று நானும் அடக்கவில்லை.

பிறகு அவளே: “பாட்டு நிக்கவே இல்லம்மா. எப்பவும் நின்னுடும்ல? இது பாட்டுக்குப் போவுது. சரி, நிக்கட்டும் போவோம்னு பாத்தா… கடைசியில அந்தம்மா லேட்டா வந்து சேந்துக்குமே, அந்த எடம். ஒருத்தரும் நகரல. அது இத்தன நாளா அதுலயேவா இருந்துச்சு?”

இருந்தது என்றேன்.

தை 17, சனி

வெயில் சுள்ளென்று. மெத்தைகளைக் காயப்போட்டாயிற்று. காப்பித்தூள் இன்னும் வாங்கவில்லை.

சின்னவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அளப்பது முத்திரை மரக்காலில்தான், பாக்கியம் தினமும் சொல்கிறாள்.

தங்கவேலு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“அந்தப் பாட்டு கெட்டுப்போச்சுங்கம்மா.”

“கீறலா?”

“இல்லீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. திருத்துறைப்பூண்டியில நேத்து ஒரு கல்யாணம், பொண்ணு வீட்டுலயே கேக்குறான், அந்த ரேடியோ பாட்டு இருக்கான்னு. இனி அத வச்சு ஆள கரையேத்த முடியாது. குறுவைக்கு மறுபடி கூலிப் பேச்சு வரும். உங்ககிட்ட… யாருக்குமே தெரியாத பாட்டு வேற ஒண்ணு இருக்குமாம்மா?”

“என் வயல்லேருந்து ஆளைக் கிளப்ப என்கிட்டயே பாட்டு கேக்குறியா?”

“வேற யாருகிட்டங்கம்மா இருக்கு?”

உண்மைதான். பெட்டியைத் திறந்தேன். வெகு நேரம் பார்த்தேன். அடியில் ஒரு தட்டு: வெளிவராமலே நின்றுபோன படம். இரண்டு பெண் குரல்கள், ஒன்றையொன்று முந்தாமல். பேச்சில் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. உறையைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். ஒரே நிபந்தனை, கடைசிச் சரணம்வரை ஊசியை எடுக்கக் கூடாது.

“அது வரைக்கும் ஓடுனா போலீசே வந்துடும்மா.”

“வரட்டும். அவங்களும் நின்னு கேக்கட்டும்.”